ஹட்டுசா: ஹிட்டைட்டுகளின் தலைநகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் பழைய நகரங்கள் என்றால் பலருக்கும் எபேசுவும் டிராயும்தான் நினைவுக்கு வரும். அவற்றின் பளிங்குத் தூண்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது ஹட்டுசா. எகிப்தோடும் பாபிலோனோடும் சரிக்குச் சரியாக நின்ற அரசின் தலைநகர் அது. இங்கே தரும் கி.மு. ஆண்டுகள், ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘நடுக் காலக்கணக்கு’ முறைப்படியானவை.

ஹட்டுசா எங்கே இருக்கிறது?

நடு அனத்தோலியாவில், சோரும் மாகாணத்தின் போவாஸ்கலே என்ற சிற்றூரை ஒட்டி. ஊரின் பழைய பெயர் போவாஸ்கோய். பழைய ஆய்வு நூல்களில் இந்தப் பெயர்தான் இருக்கும். தலைநகர் அங்காராவிலிருந்து கிழக்கே, சாலை வழியாகச் சுமார் 200 கி.மீ. இடிபாடுகள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 950 மீட்டரில் தொடங்கி 1,240 மீட்டர் வரை ஏறுகின்றன. ஒரே மதிலுக்குள் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்ற இறக்கம். வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

ஹிட்டைட்டுகளும் பைபிளில் வரும் ஏத்தியரும் ஒரே மக்களா?

பெயர்த் தொடர்பு உண்டு, ஆனால் நேரடியாக ஒருவரே என்று சொல்ல முடியாது. ஹட்டுசா பேரரசு கி.மு. 1180 வாக்கில் மறைந்தது. அதன் பிறகும் வட சிரியாவில் கார்கேமிஷ் போன்ற சிற்றரசுகள் ஹிட்டைட் நாட்டின் பெயரான ‘ஹட்டி’யைப் பல நூற்றாண்டுகள் சுமந்தன. அசீரியர்கள் அந்தப் பகுதியையே ‘ஹட்டி நாடு’ என்று எழுதினார்கள். ஏத்தியனான உரியா போன்றவர்களைப் பற்றிப் பேசும்போது விவிலியத்தில் எதிரொலிப்பது இந்தப் பிந்தைய வழக்குதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அறிஞர்கள் பலருக்கும் ஹிட்டைட்டுகள் சிரியாவின் ஒரு கூட்டத்தார் மட்டுமே. அவர்களுடைய தலைநகர் அனத்தோலிய மேட்டுநிலத்தில் கிடக்கும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை.

நகரை முதலில் அமைத்தது யார்?

ஹிட்டைட்டுகள் அல்ல. அவர்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் ஹட்டியர். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராத மொழி பேசியவர்கள். அவர்கள் ஊரின் பெயர் ஹட்டுஷ். கி.மு. 19, 18-ஆம் நூற்றாண்டுகளில் அசீரிய வணிகர்கள் இங்கே ஒரு குடியிருப்பு அமைத்து, கழுதைப் பொதிகளில் தகரமும் துணியும் கொண்டுவந்து விற்றார்கள்.

கி.மு. 1700 வாக்கில் குஸ்ஸாரா அரசன் அனித்தா இந்த ஊரை அழித்தான். பஞ்சத்தால் ஊர் தளர்ந்திருந்தபோது இரவில் தாக்கிப் பிடித்ததாகவும், அந்த இடத்தில் களையை விதைத்ததாகவும், இங்கே மறுபடி குடியேறும் அரசனை வானத்தின் புயல் தெய்வம் தாக்கட்டும் என்று சபித்ததாகவும் அவன் பெயரிலுள்ள ஆவணம் சொல்கிறது. சாபம் வெகுகாலம் நிற்கவில்லை. கி.மு. 1650-ஐ ஒட்டி ஓர் அரசன் இதையே தலைநகராக்கி, ‘ஹட்டுசாவைச் சேர்ந்தவன்’ என்று பொருள்படும் ஹட்டுசிலி என்ற பெயரையும் சூடிக்கொண்டான். அனித்தாவின் ஆவணத்தில் ‘பஞ்சம்’ என்று வருவதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நகரின் கதை முழுவதும் அது திரும்பத் திரும்ப வரும்.

கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. பிறகு ஏன் இந்த இடம்?

மூன்று காரணங்கள். ஒன்று, சுற்றியுள்ள வறண்ட மேட்டுநிலத்தோடு ஒப்பிட்டால் இந்த மலைச்சரிவில் ஊற்றுகள் அதிகம். இரண்டு, நகரின் கிழக்கே ஆழமான பள்ளத்தாக்கும், அரண்மனை நின்ற புயுக்காலே போன்ற செங்குத்துப் பாறைகளும் இயற்கை அரண். மூன்று, வடக்கே விளைநிலச் சமவெளி. குறைகளும் உண்டு: கடும் குளிர்காலம், பனி, கப்பல் போக்குவரத்துக்கு வழியே இல்லாத உள்நாடு. கடற்கரை நகரம் பஞ்சத்தில் கப்பலில் தானியம் இறக்கிக்கொள்ளும். ஹட்டுசாவுக்கு வெளியிலிருந்து வரும் தானியம் கடைசிக் கட்டத்தில் மலைப்பாதை ஏறித்தான் வந்தாக வேண்டும்.

போய்ப் பார்த்தால் முழங்கால் உயரக் கல்வரிசைகள்தான் தெரிகின்றன. மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

கரைந்துவிட்டது. ஹட்டுசாவின் வீடு, கோயில், மதில் எல்லாவற்றிலும் கல் என்பது அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் மரச்சட்டங்களும் சுடாத மண்செங்கல்லும். கூரை மரக்கட்டைகளின் மேல் நாணல், அதன் மேல் இறுக்கிய மண். நகரைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கல் அடித்தளத்தின் வேலை ஈரத்தைத் தடுப்பது. மண்செங்கல் சுவர் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். மேலே கூரை ஒழுகினால் நீர் சுவரின் உள்ளே இறங்கும். கீழே மழைத்துளி தெறித்தும் பனி உருகியும் அடிப்பகுதி அரிக்கப்படும். மேலே பூசிய மண்பூச்சைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சுவர் தலைமுறைகளுக்கு நிற்கும். பூச்சு விட்டுப்போனால் சில குளிர்காலங்களிலேயே சரியத் தொடங்கும். 3,200 ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தால் மிஞ்சுவது கல்வரிசைதான்.

மதிலைத் திடமான ஒரே சுவராக அவர்கள் கட்டவில்லை. வெளிமுகச் சுவர் ஒன்று, உள்முகச் சுவர் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சுவர்கள். நடுவில் உண்டாகும் பெட்டிகளை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பினார்கள். செங்கல் மிச்சமாகும், அகலமும் கிடைக்கும். குறிப்பிட்ட இடைவெளிகளில் கோபுரங்கள்.

2003 முதல் 2005 வரை ஜெர்மன் தொல்லியல் நிறுவனம், யுர்கன் சேஹர் தலைமையில், கீழ்நகரின் மதிலில் 65 மீட்டர் நீளத்தைப் பழைய முறையிலேயே எழுப்பிப் பார்த்தது. நுழைவாயில் அருகே இன்று கம்பீரமாக நிற்பது அதுதான். சுவர் 7 முதல் 8 மீ., இரண்டு கோபுரங்கள் 12 முதல் 13 மீ. உயரம். மேற்பகுதி எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம், கோபுர வடிவில் விளிம்பு செய்யப்பட்ட ஹிட்டைட் மண்பாண்டங்கள். ஒரு செங்கல் 45 × 45 × 10 செ.மீ., எடை சுமார் 34 கிலோ. தேவைப்பட்டவை ஏறத்தாழ 64,000 செங்கற்கள், 2,700 டன் மண், 100 டன் வைக்கோல், 1,500 டன் தண்ணீர். வைக்கோல் சேர்க்காவிட்டால் காயும்போது செங்கல் சுருங்கி வெடிக்கும். ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிப் போட்டு உலர்த்த வேண்டும் என்பதால் கோடைக்காலத்தில்தான் வேலை நடக்கும்.

நகர மதிலின் மொத்த நீளம் 6 கி.மீ.க்கு மேல். அதே கணக்கில் பெருக்கினால் ஏறத்தாழ 60 லட்சம் செங்கல் வருகிறது. கட்டுவதைவிட ஆண்டுதோறும் அதைப் பராமரிக்க எத்தனை ஆள், எத்தனை சோறு வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்தால்தான் இந்த அரசின் அளவு தெரியும்.

அடிக்கற்களின் மேல்பரப்பில் வட்டத் துளைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை என்ன?

மரச்சட்டத்தைக் கல்லோடு பிணைக்கும் முளைகளுக்கான துளைகள். வெண்கலக் குழாயைச் சுழற்றி, இடையே மணலும் நீரும் விட்டு அரைத்துத் துளைத்தார்கள். அறுப்பது மணல், குழாய் அதைச் சுழற்றிக் கொடுக்கிறது. நடுவில் மிஞ்சும் கல்தண்டைப் பிறகு உடைத்தெடுப்பார்கள். சில துளைகளின் அடியில் அந்தத் தண்டின் அடிக்கட்டை இன்னும் தெரியும். இதற்கு வேற்றுகிரகத்தாரை அழைக்கத் தேவையில்லை.

யெர்காப்பி என்கிற சுருங்கை எதற்காக?

நகரின் தென்கோடியில், மிக உயரமான இடத்தில், 250 மீ. நீளமும் அடியில் 80 மீ. அகலமும் 30 மீ. உயரமும் கொண்ட செயற்கை மண்மேடு இருக்கிறது. வெளிச்சரிவு முழுக்கக் கல் பாவியது. அதன் அடியில் 71 மீட்டர் நீளச் சுருங்கை ஒன்று ஊடுருவிச் செல்கிறது. நேரே மேலே ஸ்பிங்க்ஸ் வாசல்.

சுருங்கையை மண்ணுக்குள் குடையவில்லை. முதலில் கல்வழியைக் கட்டி, பிறகு அதன்மேல் மண்ணைக் கொட்டினார்கள். இருபுறமும் பெரிய முரட்டுக் கற்களை ஒவ்வொரு வரிசையிலும் சற்று உள்ளே தள்ளி அடுக்கி, உச்சியில் ஆப்புபோல் ஒரு கல்லைச் செருகினார்கள். மேலேயுள்ள மண்ணின் பாரம் கற்களை ஒன்றோடொன்று இறுக்குகிறது. இன்றும் உள்ளே நிமிர்ந்து நடக்கலாம்.

தாக்குதலின்போது வீரர்கள் வெளிப்படும் ரகசிய வழி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நம்புவது கடினம். வெளிவாய் மறைவாக இல்லை, மேட்டின் இரு ஓரங்களிலும் மதிலை நோக்கி ஏறும் படிக்கட்டுகளும் உண்டு. எதிரியைத் தடுக்க நினைப்பவன் படி கட்டித்தர மாட்டான். தெற்கிலிருந்து வருபவர் கண்ணில் தொலைவிலேயே படும் மேடை, சடங்கு ஊர்வலத்துக்கான இடம் என்ற விளக்கமே பொருந்துகிறது. 2022-இல் சுருங்கையின் கற்களில் செஞ்சாயத்தால் வரைந்த 249 சித்திர எழுத்துக் குறிகள் கண்டுபிடிக்கப்பட்டன. நூறாண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்கள் நடந்துபோன வழியில்தான் அவை இருந்தன.

அரசன் வாசலில் செதுக்கப்பட்டிருப்பது எந்த அரசன்?

அரசனே அல்ல. கொம்பு வைத்த தலைக்கவசம் தெய்வத்துக்குரியது. கையில் கோடரி, இடையில் குறுவாள் ஏந்திய காவல் தெய்வம். தொடக்கத்தில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே இருப்பது நகல், மூலச் சிற்பம் அங்காராவின் அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வாசல்களைப் பற்றி இன்னொன்று. நகரின் தலைமை நிர்வாகிக்கான கட்டளை ஏடு கிடைத்திருக்கிறது. மாலையில் கதவுகளைத் தாழிட்டு முத்திரையிட வேண்டும், காலையில் முத்திரை குலையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும் என்கிறது அது.

தானியத்தை எப்படிச் சேமித்தார்கள்?

என் கருத்தில் ஹட்டுசாவின் உண்மையான அதிசயம் இதுதான். சிங்கங்களும் ஸ்பிங்க்ஸும் இதற்குப் பிறகே.

கீழ்நகரில் மதிலை ஒட்டிக் கி.மு. 16-ஆம் நூற்றாண்டின் நிலத்தடிக் களஞ்சியம் ஒன்று வெளிப்பட்டது. இரண்டு வரிசைகளில் 32 அறைகள். முழுதாக நிரப்பினால் பல ஆயிரம் டன் தானியம் கொள்ளும். வேலை செய்யும் விதம் இப்படி: அறையின் தரையிலும் ஓரங்களிலும் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, காய்ந்த பார்லியையும் கோதுமையையும் கொட்டி, மேலே மண்ணால் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். தானியம் உயிருள்ளது, மூச்சுவிடும். உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுக் கரியமில வாயுவை நிரப்பும். வண்டும் புழுவும் செத்துப்போகும், முளைப்பும் நின்றுவிடும். ஓரத்தில் ஈரம் பட்ட தானியம் பூசணம் பிடித்துக் கெட்டியான தோல்போல் ஆகும். அந்த நட்டத்தைப் பொறுத்துக்கொண்டால் உள்ளே இருப்பது ஆண்டுக்கணக்கில் கெடாது.

சிக்கல் எங்கே வருகிறது? ஒருமுறை திறந்தால் காற்று புகுந்துவிடும், பிறகு அந்த அறையை முழுவதுமாகக் காலி செய்தே ஆக வேண்டும். வேண்டும்போது கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் வீட்டுக் குதிர் முறை இங்கே செல்லாது. பெரிய ஒரே கூடமாகக் கட்டாமல் 32 அறைகளாகப் பிரித்ததன் பயன் இதுவே: ஒன்றைத் திறந்தாலும் மற்றவை மூடியே இருக்கும். இந்தக் களஞ்சியத்தின் ஒரு பகுதி தீப்பிடித்ததால் தானியம் கருகிக் கரியாக அப்படியே கிடந்தது. என்ன விளைந்தது, கூடவே என்ன களைவிதை வந்தது என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரிகிறது.

பிற்காலத்தில் புயுக்காயா என்ற பாறை மேட்டிலும் செவ்வகப் பெருங்குழிகள் வெட்டினார்கள். மேட்டில் நிலத்தடி நீரின் ஈரம் ஏறாது, மழைநீர் தேங்காது.

குடிநீர்?

ஊற்றுகளிலிருந்து சுட்ட மண்குழாய்களில் நீர் வந்தது. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டே போகலாம். மேல்நகரில் குளங்கள் வெட்டினார்கள். தெற்குக் குளங்கள் ஐந்து, ஆழம் 8 மீ. வரை, அகலம் குறைவு. பரப்பு சுருங்கினால் வெயிலில் ஆவியாவதும் குறையும். வண்டல் படிந்து தூர்ந்துபோனதுதான் அவற்றின் முடிவு.

பெருங்கோயில் பகுதியில் உள்ள பச்சைக் கல் எகிப்திய மன்னனின் பரிசா?

அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வழவழப்பாகத் தேய்த்த கனசதுரக் கல், எதற்குப் பயன்பட்டது என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. தொட்டு வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பது சுற்றுலா வழக்கம். அந்தக் கல்லருகே நின்று படம் எடுக்கும் பலர் கோயிலின் முக்கியமான பகுதியைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்: புயல் தெய்வத்துக்கும் அரின்னாவின் சூரிய தேவிக்குமாக இரண்டு கருவறைகள், சுற்றிலும் தரைத்தளத்தில் மட்டும் 82 பண்டக அறைகள். சிலவற்றில் ஆளுயரத் தாழிகள் பாதி புதைந்து இன்னும் நிற்கின்றன. இங்கே கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை, அரசின் சரக்குக் கிடங்கும் அதுவே. நகர் முழுக்க 30-க்கும் மேற்பட்ட கோயில்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஹட்டியின் ஆயிரம் தெய்வங்கள் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

களிமண் ஏடுகள் எத்தனை? எப்படித் தப்பின?

துண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 30,000. யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2001 முதல் இருக்கின்றன. நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமானது 1986-இல்.

ஏடுகள் பொதுவாகச் சுடப்படுவதில்லை, ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் அழுத்தி எழுதி உலர்த்துவார்கள். நனைந்தால் கரைந்துவிடும். கட்டடம் தீப்பிடித்தபோது பல ஏடுகள் தற்செயலாகச் சுடப்பட்டு உறுதியாகிவிட்டன. அரண்மனையை எரித்த நெருப்பு நூலகத்தைக் காப்பாற்றியது. மாடியில் இருந்தவை தளம் சரிந்து விழுந்து நொறுங்கியதால்தான் துண்டுகள் இவ்வளவு. ஒரே ஏட்டின் பாதி 1906-இலும் மீதி பல பத்தாண்டுகள் கழித்தும் கிடைப்பது இங்கே சாதாரணம்.

எழுத்தர்கள் ஒழுங்கானவர்கள். ஏட்டின் இறுதியில் நூலின் பெயர், இது எத்தனையாவது ஏடு, நூல் முடிந்ததா இல்லையா, எழுதியவர் யார் என்று குறிப்பார்கள். எந்த ஏடு இருக்கிறது, எது காணோம் என்று தனிப் பட்டியல் ஏடுகளும் உண்டு. மொழிகளும் பல: ஹிட்டைட், பாபிலோனியரின் அக்காடியம், சுமேரியம், ஹட்டிக், ஹுரியன், லூவியன், பலாயிக். 2023-இல் கலாஸ்மா என்ற பகுதியின் மொழியில் ஏட்டு வாசகம் ஒன்று கிடைத்தது. அதுவரை அறியப்படாத மொழி அது. அயல் தெய்வத்தை அதன் சொந்த மொழியிலேயே அழைக்க வேண்டும் என்று ஹிட்டைட் பூசாரிகள் கருதியதால்தான் இத்தனை மொழிகள் நமக்குக் கிடைத்தன.

களிமண் அல்லாத ஏடு ஒன்றே ஒன்று: 1986-இல் யெர்காப்பி அருகே கிடைத்த வெண்கலத் தகடு. 35 × 24 செ.மீ., சுமார் 5 கிலோ. ஹிட்டைட் அரசன் நான்காம் துதாலியாவுக்கும் தென் அனத்தோலியாவின் தர்ஹுன்தாசா நாட்டு அரசன் குருந்தாவுக்கும் இடையிலான ஒப்பந்தம் அதில் இருக்கிறது.

யார் கண்டுபிடித்தார்கள், யார் வாசித்தார்கள்?

1834-இல் பிரெஞ்சுக்காரர் சார்லஸ் டெக்ஸியே இடிபாடுகளைப் பார்த்தார், எந்த நகர் என்று தெரியவில்லை. 1906-இல் ஹுகோ விங்க்லரும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தின் தியோடர் மக்ரிதியும் தோண்டத் தொடங்கினார்கள். எகிப்தோடு செய்த உடன்படிக்கையின் அக்காடியப் பிரதி கிடைத்ததும் இது ஹட்டியின் தலைநகர் என்பது உறுதியாயிற்று. முறையான அகழாய்வு 1931-இல் குர்ட் பிட்டலோடு தொடங்குகிறது. விங்க்லர் காலத்தில் ஏடுகளை வேகமாக அள்ளினார்களே தவிர, எந்த அறையில் எந்த அடுக்கில் கிடந்தன என்று பதியவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்யவே முடியாது.

எழுத்து, அக்காடியத்துக்கும் வழங்கி ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்த ஆப்பெழுத்து என்பதால் ஒலியை வாசிக்க முடிந்தது, பொருள்தான் பிடிபடவில்லை. 1915-இல் செக் அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி ஒரு வாக்கியத்தைப் பிடித்தார்: ‘நு நிந்தா-அன் எஸ்ஸத்தேனி, வாதர்-ம எகுத்தேனி’. நிந்தா என்பது ரொட்டிக்கான சுமேரியக் குறி. ரொட்டியை என்ன செய்வோம்? உண்போம். அடுத்து வரும் வாதர், ஜெர்மன், ஆங்கிலம் போன்றவற்றில் தண்ணீருக்குள்ள சொற்களின் உறவு. ‘ரொட்டி உண்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள்.’ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் இவ்வளவு பழைய எழுத்துச் சான்று உள்ள வேறு மொழி இல்லை.

இந்திரன், வருணன் பெயர்கள் ஹட்டுசாவில் கிடைத்தது உண்மையா?

உண்மை. ஆனால் அவை ஹிட்டைட்டுகளின் தெய்வங்கள் அல்ல. ஹிட்டைட் அரசன் முதலாம் சுப்பிலுலியுமா, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில், வட சிரியப் பகுதியின் மித்தனி நாட்டு இளவரசன் சத்திவாசாவோடு செய்த ஒப்பந்தத்தில் சாட்சித் தெய்வங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. மித்தனி தரப்பில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் வருகிறார்கள். இதே நகரில் கிடைத்த, மித்தனியைச் சேர்ந்த குதிரைப் பயிற்சியாளர் கிக்குலியின் கையேட்டில் ஓட்டச் சுற்றுகளை ஐக, தேர, பன்ச, சத்த, நவ என்ற எண்களால் குறிக்கிறார்கள். சம்ஸ்கிருதத்தின் ஏக, த்ரி, பஞ்ச, சப்த, நவ. மித்தனியின் பொதுமக்கள் பேசியது ஹுரியன் மொழி. ஆளும் குடியினரிடமும் குதிரைத் தொழிலிலும் ஒரு இந்தோ-ஆரியச் சொல்லடுக்கு இருந்தது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. ஆரியர் வருகை விவாதத்தில் இரு தரப்பாரும் இதைத் தம் வசதிக்கு இழுப்பார்கள், ஏடு இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

காதேஷ் உடன்படிக்கைதான் உலகின் முதல் சமாதான ஒப்பந்தமா?

இல்லை. இதைவிட ஆயிரம் ஆண்டு பழைய ஒப்பந்தம் சிரியாவின் எப்லாவில் கிடைத்திருக்கிறது. இதன் சிறப்பு வேறு: எகிப்து, ஹட்டி என்ற இரண்டு வல்லரசுகள் சமநிலையில் செய்துகொண்டது, இருதரப்புப் பிரதிகளும் கிடைத்திருக்கின்றன.

சிரியாவின் காதேஷில் இரு நாடுகளும் மோதிய போர் கி.மு. 1274-இல். இரண்டாம் ராம்செஸ் வெற்றி என்று கோயில் சுவர்களில் செதுக்கினான். ஆனால் காதேஷ் நகர் ஹிட்டைட் வசமே இருந்தது. உடன்படிக்கை வந்தது கி.மு. 1259-இல், மூன்றாம் ஹட்டுசிலி காலத்தில். அண்ணன் மகனைத் துரத்திவிட்டு அரியணை ஏறியவன் அவன். எகிப்தின் அங்கீகாரம் அவனுக்குத் தேவைப்பட்டது. ஒருவரையொருவர் தாக்குவதில்லை, ஆபத்தில் படை அனுப்புவது, ஓடிவந்தவரைத் திருப்பி அனுப்புவது, அப்படி அனுப்பப்பட்டவரைத் தண்டிக்காமல் விடுவது ஆகியவை முக்கிய விதிகள். மூலங்கள் வெள்ளித் தகடுகள், அவை கிடைக்கவில்லை. களிமண் பிரதி இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்திலும், செம்பில் செய்த பெரிய நகல் நியூயார்க் ஐ.நா. கட்டடத்திலும் உள்ளன. ஹட்டுசிலியின் அரசி புதுஹேபா எகிப்திய அரச குடும்பத்தோடு தன் பெயரிலேயே கடிதம் எழுதிக்கொண்டாள், தன் சொந்த முத்திரையும் வைத்திருந்தாள்.

சட்டங்கள் கடுமையானவையா?

பாபிலோனைவிட மென்மை. சுமார் 200 விதிகள். ஒருவரின் கண்ணைக் குருடாக்கினால் அல்லது பல்லைத் தட்டினால், முன்பு 40 செக்கல் (ஓர் எடை அளவு) வெள்ளி, இப்போது 20 செக்கல் என்று விதியைத் திருத்தியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கண் கிடையாது.

இரும்பைக் கண்டுபிடித்தவர்கள் ஹிட்டைட்டுகள்தானே?

பழைய பாடநூல்கள் அப்படிச் சொன்னன. இரும்பு ரகசியம் அவர்கள் கையில் இருந்தது, பேரரசு விழுந்ததும் உலகெங்கும் பரவியது என்பது கதை. அகழாய்வு அதைத் தாங்கவில்லை. ஹட்டுசாவில் ஆயுதம், கருவி எல்லாம் வெண்கலமே. இரும்புப் பொருள்கள் மிகக் குறைவு. ஏடுகளில் இரும்பு விலையுயர்ந்த பொருளாக, அரசர்களுக்குப் பரிசாக வருகிறது. மூன்றாம் ஹட்டுசிலியின் கடிதம் ஒன்று, ‘நல்ல இரும்பு இப்போது கிடங்கில் இல்லை, செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்று சாக்கு சொல்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் சிவகளையின் இரும்புக்குக் கி.மு. 3345 வரையிலான காலக்கணிப்பை வெளியிட்டபோது ஹிட்டைட்டுகளோடு ஒப்பிட்டு நிறைய எழுதினார்கள். அந்தக் காலக்கணிப்பு அதற்கான சான்றுகளால் நிற்க வேண்டியது. ஹிட்டைட்டுகள் பக்கம் வைத்து ஒப்பிடப்பட்ட ‘இரும்பு ஏகபோகம்’ ஏற்கெனவே கைவிடப்பட்ட ஒன்று.

யாசிலிகாயா என்பது என்ன?

நகருக்கு வடகிழக்கே இரண்டு கி.மீ.க்குள் அமைந்த திறந்தவெளிப் பாறைக் கோயில். பெரிய கூடத்தில் இடப்புறம் ஆண் தெய்வங்களும் வலப்புறம் பெண் தெய்வங்களுமாக 60-க்கும் மேற்பட்ட உருவங்கள் ஊர்வலமாக வந்து, எதிர்ச்சுவரில் புயல் தெய்வம் டெஷூபும் அவன் துணைவி ஹேபத்தும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். பெயர்கள் ஹுரியன் மொழியில் உள்ளன. சிறிய கூடம்தான் மனத்தில் நிற்கும்: பன்னிரு பாதாள தெய்வங்கள் அரிவாள்போன்ற வாளுடன் ஓடும் வரிசை, தரையில் குத்திய வாள் வடிவத் தெய்வம், நான்காம் துதாலியாவைத் தோளில் கைபோட்டு அணைத்திருக்கும் ஷர்ரும்மா என்ற தெய்வம். இந்தக் கூடம் நெடுங்காலம் மண்மூடிக் கிடந்ததால் செதுக்கல் கூர்மையாக இருக்கிறது. பெரிய கூடத்தில் மழையும் பனியும் வேலையைக் காட்டிவிட்டன. இது நாள்காட்டி என்ற கருத்து சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. எல்லோரும் ஏற்கவில்லை.

நகரம் ஏன் அழிந்தது? கடல் மக்கள் எரித்தார்களா?

ஹட்டுசா கடலிலிருந்து வெகு தொலைவு. அக்காலத்தில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரைகளைத் தாக்கிய அந்தக் கூட்டத்தார் இங்கே வந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. எரிந்த தடங்கள் உண்டு. ஆனால் எரிந்த கோயில்களிலும் அரண்மனையிலும் மதிப்புள்ள பொருள்கள் ஏறக்குறைய எதுவும் இல்லை. முற்றுகையில் விழுந்த நகரத்தில் இறந்தவர்களும் விட்டுப்போன சாமான்களும் இருக்கும். இங்கே அரசவை சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டது, காலி நகரம் பிறகு எரிந்தது என்பதே சேஹரின் முடிவு. அது சரியென்றே தோன்றுகிறது.

ஏன் புறப்பட்டார்கள் என்பதற்குச் சோற்றுக் கணக்கைப் பார்க்க வேண்டும். புதுஹேபா ராம்செஸுக்கு எழுதிய கடிதத்திலேயே தன் நாட்டில் தானியம் இல்லை என்கிறாள். அவன் மகன் மெர்னெப்தா, ஹட்டி நாட்டை உயிரோடு வைக்கக் கப்பலில் தானியம் அனுப்பியதாகக் கல்வெட்டில் சொல்கிறான். சிரியக் கடற்கரையின் துறைமுக நகரமான உகாரித்துக்குப் போன கடிதம் ஒன்று, தானியக் கப்பலை உடனே அனுப்பு, இது உயிர்ப் பிரச்சினை என்று அவசரப்படுத்துகிறது. 2023-இல் வெளியான ஆய்வு, நடு அனத்தோலியாவின் இன்னொரு பழைய நகரமான கோர்டியோனில் கிடைத்த ஜூனிபர் மரக்கட்டைகளின் ஆண்டு வளையங்களை அளந்து, கி.மு. 1198 முதல் 1196 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடும் வறட்சி இருந்ததைக் காட்டியது.

ஓராண்டு பொய்த்தால் களஞ்சியம் தாங்கும், இரண்டாம் ஆண்டு விதைநெல்லில் கைவைப்பது போன்ற நிலை வரும். மூன்றாம் ஆண்டில் படைக்கும் பூசாரிக்கும் மதில் பூசும் கூலியாளுக்கும் அளக்க ஒன்றுமிராது. அரச குடும்பச் சண்டையும் வடக்கே கஸ்கா மக்களின் தாக்குதலும் முன்பே இருந்தவை. உணவுக் கிடங்கு நிறைந்திருந்த காலத்தில் அவற்றையெல்லாம் சமாளித்தார்கள். கடைசி அரசன் இரண்டாம் சுப்பிலுலியுமா எங்கே போனான் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. பிறகு புயுக்காயா மேட்டில் சிறு குடியிருப்பு ஒன்று தொடர்ந்தது, எழுத்தும் சக்கரத்தில் வனைந்த பாண்டங்களும் இன்றி.

வெளிநாடு போன பொருள்கள் திரும்பி வந்தனவா?

1907-இல் கிடைத்த இரண்டு ஸ்பிங்க்ஸ் சிலைகள் செப்பனிட பெர்லினுக்குப் போயின. ஒன்று 1924-இல் இஸ்தான்புல் வந்தது. மற்றது 2011-இல்தான் திரும்பியது. இப்போது இரண்டும் போவாஸ்கலே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுமார் 7,400 ஏடுகள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து 1987-இல் வந்து சேர்ந்தன.

எந்த மாதம், எந்த வரிசையில் பார்ப்பது?

ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லை. குளிர்காலத்தில் பனி.

முதலில் அங்காரா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு இங்கே வந்தால் வெற்று அடிக்கற்கள் மேல் எது நின்றது என்று மனத்தில் பொருத்திக்கொள்ளலாம். தளத்தில் மீட்டெழுப்பிய மதில், பெருங்கோயில் என்று தொடங்கி, சாலை பிரியும் இடத்தில் வலப்பக்கம் ஏறினால் சிங்க வாசல், யெர்காப்பி, அரசன் வாசல், நிஷான்தாஷ் கல்வெட்டுப் பாறை, புயுக்காலே என்று சுற்றி இறங்கலாம். ஏறத்தாழ 6 கி.மீ. சுற்று, ஏற்றம் அதிகம். நடப்பவர்கள் அரை நாள் ஒதுக்க வேண்டும், தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நிஷான்தாஷில் எழுத்தைத் தேடி ஏமாறாதீர்கள், 11 வரிகளும் மிகவும் தேய்ந்துவிட்டன. யாசிலிகாயாவுக்கு நண்பகலை ஒட்டிப் போனால் பெரிய கூடத்தில் வெயில் சாய்வாக விழுந்து உருவங்கள் தெளியும். மேகமூட்டமான நாளில் பாதி தெரியாது.

சொந்த வண்டி இல்லாமல் போக முடியுமா?

முடியும். அங்காராவிலிருந்து சுங்குர்லு வரை பேருந்து, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. மினிபஸ் அல்லது டாக்சி. ஆள் சேர்ந்தால்தான் மினிபஸ் கிளம்பும், மாலையில் திரும்பும் வண்டி அரிது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். ஒரே நாளில் யாசிலிகாயாவையும் பார்த்துத் திரும்ப வேண்டுமென்றால் சுங்குர்லுவிலேயே டாக்சியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். பேசும்போதே யாசிலிகாயாவையும் மேல்நகரச் சுற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருங்கோயில் வாசலில் இறக்கிவிட்டு அதோடு முடிந்தது என்பார்கள்.